மூன்று பேர் சேர்ந்து பெறும் குழந்தை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஏதோ ஒரு விண்வெளிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. வழவழவென்று ஒரு பெரிய முட்டை, அதைச் சுற்றிப் பயந்துபோய் நிற்கிற நாலு ஆட்கள். சின்னவனே, நீதான் கேட்டாய், வேற்றுக் கிரகத்துக்காரர்களுக்கெல்லாம் முட்டையிலிருந்துதான் குழந்தை வருமா என்று. பெரியவள் அதெல்லாம் சும்மா கதைடா என்றாள். அப்போது அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"மூணு பேர் வேணும். ரெண்டு பேர் பத்தாது."

நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அம்மாவுக்குக்கூட இதெல்லாம் தெரியுமா என்று கேலி செய்தீர்கள். அம்மா வெளியே வரவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவதுபோல் வெளியே போய்விட்டேன். அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். வாயால் சொல்ல எனக்கு வராது. நான் பத்தாவது தேறாதவன், கோர்வையாக எழுதவும் வராது. ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நான் மயிலாப்பூரில் ஒரு லெண்டிங் லைப்ரரியில் வேலை பார்த்தேன். கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. வாரப் பத்திரிகைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போடவேண்டும். போன தடவை போட்டதைத் திருப்பி வாங்கி அடுத்த வீட்டில் கொடுக்கவேண்டும். லஸ், மந்தைவெளி, அடையாறு, சில நாள் தி. நகர் வரைக்கும். ஒரே பத்திரிகை பத்துப் பன்னிரண்டு வீடு போய்வரும். திரும்பி வரும்போது அதில் ஒவ்வொரு வீட்டு வாசனையும் இருக்கும். ஒரு பக்கத்தில் விபூதி உதிரும், ஒரு பக்கத்தில் ரசம் சொட்டியிருக்கும், குறுக்கெழுத்துப் போட்டியை யாராவது பென்சிலில் பாதி போட்டு வைத்திருப்பார்கள்.

முதல் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் புதுப் பத்திரிகையை நான் படித்துவிடுவேன். கால்வாய் ஓரமாக அப்போது பறக்கும் ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு தூண் நிழலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, ஒரு காலைப் பெடலில் வைத்தபடி படிப்பேன். அரசியல், சினிமா எல்லாம் தள்ளிவிட்டு நேராக விஞ்ஞானக் கதைக்குப் போவேன். அந்த வருடங்களில் அந்த மாதிரிக் கதைகள் நிறைய வந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தக் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். மந்தைவெளியில் ஒரே அறை, வெளியே பொதுக் குழாய். அம்மா தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்காகப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். கண்ணும் கையும் ஊசியிலேயே இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கு, அதுக்கு ஏதாவது போடு என்பாள். நான் போடுவேன்.

அந்தக் கதைகளில் குழந்தை பிறக்கிற விதம் இருக்கிறதே, அதைக் கேட்டுத்தான் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். ஒரு கிரகத்தில் அம்மாவின் தோளில் சின்னதாக ஒரு முளை விடும். அது வளர்ந்து, பழுத்து, ஒருநாள் காலையில் தானாகக் கழன்று எழுந்து நடந்து போகும். இன்னொரு கிரகத்தில் ஊருக்கு நடுவே ஒரு வெந்நீர் ஏரி. எல்லாப் பெண்களும் அதில் முட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். ஆயிரக்கணக்கான முட்டை. எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. மனிதர்களைப் பற்றி வருகிற கதைகளில் நிலைமை இன்னும் மோசம். ஓர் ஆபீஸுக்குப் போய் மனு எழுதிக் கொடுக்கவேண்டும், கண் என்ன நிறம், கணக்கு நன்றாக வரவேண்டுமா பாட்டு நன்றாக வரவேண்டுமா என்று. ஒன்பது மாதம் கழித்து முத்திரை குத்திப் பெட்டியில் கொடுப்பார்கள். கணக்கும் பாட்டும் சேர்த்துக் கேட்டால் வரிசையில் வேறு நிற்கவேண்டுமாம்.

ஆண்கள் பிள்ளை சுமக்கிற கிரகம் ஒன்று வந்தது. அன்றைக்கு அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நல்லா இருக்குயா. வயித்த தள்ளிக்கினு 5B பஸ்ஸுல ஃபுட்போர்டு அடிப்பியா நீ?"

எனக்கு லேடீஸ் சீட்டில் இடம் கொடுப்பார்கள் என்றேன். அதற்கும் சிரித்தாள். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. பக்கத்து வீட்டில் வளைகாப்பு என்றால் அம்மா அன்றைக்குப் பார்த்துத் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு தி. நகருக்குப் போய்விடுவாள். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. யாரும் வந்து கூப்பிட்டதும் இல்லை. இந்த மாதிரிக் கதைகளில் மட்டும் குழந்தையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அது வேறு கிரகம், வலிக்காது.

ஏழாவது வருடம் அம்மா முழுகாமல் இருந்தாள். நாலாவது மாதம் நடக்கும்போது ஒரு புதுத் தொடர்கதை ஆரம்பித்தது. வாரம் ஒரு அத்தியாயம்.

ஒரு கப்பல் தூரத்து நட்சத்திரத்துக்குப் போகிறது. போய்ச் சேர நூறு வருடத்துக்கு மேல். அதில் குழந்தைகள் கண்ணாடிக் குடுவைகளில் வளர்கின்றன. வரிசை வரிசையாகக் குடுவை, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சின்ன விளக்கு. குழந்தையின் இதயம் துடித்தால் விளக்கு மினுக்கும். அந்த விளக்குகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண். ஒரு விபத்தில் எல்லாக் குடுவையும் போய் ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் ஒரு கிரகத்தில் இறங்குகிறாள். அந்தக் கிரகத்துக்காரர்களுக்குக் குழந்தை பிறக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் விதை கொடுப்பவர். ஒருவர் கரு சுமப்பவர். மூன்றாவது ஆள் இரண்டும் இல்லை. பிறந்த குழந்தை கல் மாதிரி சில்லென்று இருக்கும். மூன்றாவது ஆள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சாப்பிடாமல், பேசாமல், ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பார். அவர் உடம்புச் சூட்டில்தான் அது கண் திறக்கும். அந்த ஆளுக்குக் கதாசிரியர் ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தார். அம்மா மூணாவது ஆளு என்றே சொல்வாள்.

"இன்னா இருந்தாலும் இந்தக் கதைல ஒரு நியாயம் கீது," என்றாள். மற்ற கதைகளில் பெற்றதும் கதை முடிந்துவிடுகிறது, இதில்தான் பெற்ற பிறகு ஒருத்தன் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறான் என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றாள்.

அப்பா என்றேன்.

"அப்பாவா இருந்து ஒண்ணும் கிழிக்கப் போறதில்ல. மூணாவது ஆளா இரு."

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அது ஒரு விளையாட்டு. கதை படித்து முடித்ததும் சூடு குடு என்பாள். நான் இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்து அவள் வயிற்றில் வைப்பேன். ஆறாவது மாதம் உள்ளேயிருந்து பதில் வர ஆரம்பித்தது. என் கை வைத்த இடத்தைப் பார்த்து உதைக்கும். மூணாவது ஆள் வந்துட்டாரு, தெரிஞ்சுபோச்சு அதுக்கு என்பாள்.

லஸ்ஸில் என் வாடிக்கை வீடு ஒன்றில் ஒரு மாமி இருந்தார். அந்தத் தொடர்கதை அவருக்குப் பிடிக்கவே இல்லை. இதெல்லாம் ஆத்துல போடாதேப்பா, குழந்தேள் படிக்கறது, குடுவையில புள்ளை வளக்கறாளாம், கர்மம் என்று வாசலில் நின்று என்னைத் திட்டுவார். ஆனால் பத்திரிகை திரும்பி வரும்போது சரியாக அந்தக் கதைப் பக்கத்தில் மட்டும் மஞ்சள் கட்டைவிரல் பதிந்திருக்கும். அடுத்த வாரம் புதுசைக் கையில் வாங்கும்போதே கேட்பார், "அந்தக் குடுவைக் கொழந்தை கண்ணைத் திறந்துடுத்தோ?" இன்னும் படிக்கவில்லை மாமி என்று பொய் சொல்வேன். முன்னாடியே சொல்லிவிட்டால் அப்புறம் திட்ட மாட்டாரே, அந்தத் திட்டு எனக்குப் பிடிக்கும்.

ஏழாவது மாதம் வளைகாப்பு. அம்மாவுக்குத் தாய் இல்லை, உங்களுக்குத் தெரியும். என் அக்கா, அதாவது உங்கள் வடபழனி அத்தை, எல்லாவற்றையும் முன்னே நின்று செய்தாள். அந்த ஒற்றை அறையில் பத்துப் பெண்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாம் பக்கத்து வீட்டு அடுப்பில். அம்மாவின் இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதி தூரம் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். வளையல் சத்தம் வயிற்றுக்குள் இருக்கிற குழந்தைக்குக் கேட்கும் என்று அக்கா சொன்னாள். அன்றிலிருந்து அம்மா தைக்கும்போது வேண்டுமென்றே கையை ஆட்டுவாள். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சத்தம். நான் படிக்கிற கதை எனக்கே காதில் விழாது. ஆறு வருடம் அடுத்தவர் வளைகாப்புக்குப் போகாத கை அது. ஆட்டட்டும் என்று இன்னும் உரக்கப் படிப்பேன்.

எட்டு மாதம் முடிந்து நாலு நாள். காலையில் அம்மா பல் விளக்கிவிட்டு வந்து, நேற்று மத்தியானத்திலிருந்து உதைக்கவே இல்லை என்றாள். தூங்குகிறது என்றேன். ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் கொடுத்தேன். இடது பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கை தேய்த்துத் தேய்த்து வைத்தேன். அவள் வயிற்றுக்குப் பக்கத்தில் வளையலை ஆட்டினாள். முதலில் மெதுவாக. அப்புறம் வேகமாக. அப்புறம் நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் கருவியை வைத்து இடம் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கேட்டவரின் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொடர்கதையில் விளக்கு அணைந்தால் ஒரு மணி அடிக்கும். இங்கே மணி எதுவும் இல்லை. அவர் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். குழந்தை போய்விட்டது, அம்மாவுக்கும் ஆபத்து வரும், உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார். உள்ளே கூட்டிப் போகும்முன் ஆயாம்மா வளையலைக் கழற்றச் சொன்னார். கை வீங்கியிருந்ததால் சோப்பு போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றுகூட உடையவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தார். நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வடபழனியிலிருந்து அக்கா வந்து சேர்ந்தாள். குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தபோது அம்மா இன்னும் மயக்கத்தில் இருந்தாள். கண் விழிக்கட்டும், ஒருமுறை காட்டிவிட்டு எடுத்துப் போகிறேன் என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டா. பாத்துட்டா அவளால மறக்கவே முடியாது. பாக்கலன்னா கனவு மாதிரி போயிடும். எனக்கும் அப்படித்தான செஞ்சாங்க."

அக்காவுக்கு முதல் குழந்தை அப்படித்தான் போனது. அவளுக்கும் காட்டவில்லை. அக்காவைத் தப்பு சொல்லாதீர்கள், அவள் தனக்குத் தெரிந்த நல்லதைத்தான் சொன்னாள். தலையாட்டியது நான். உங்கள் அம்மாவுக்கு நான் செய்த தப்புகளில் பெரியது அந்தத் தலையாட்டல்தான். பிள்ளை பெற்றவள் பதினைந்து அடி தூரத்தில் ஒரு கதவுக்குப் பின்னால் படுத்திருந்தாள். நான் துணி மூட்டையை வாங்கிக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

சின்னக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைக்கத்தான் வேண்டும். இடுகாட்டுப் பெயரைச் சொல்லி ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரர் என் கையில் இருந்ததைப் பார்த்தார். வழக்கமாகக் கேட்கிற எதையும் கேட்கவில்லை. லஸ் முனை தாண்டியதும், "பாத்துப் புடிச்சுக்கோ நைனா, முன்னால பள்ளம் கீது," என்றார். நான் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். துணிக்கு வெளியிலேயே சில்லென்று இருந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே சட்டையின் மேல் இரண்டு பட்டனைக் கழற்றி மூட்டையை உள்ளே வைத்து மூடிக்கொண்டேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் சட்டைப் பையில் வளையல் சத்தம் போட்டது. வழி முழுக்க.

இடுகாட்டில் குழி வெட்டுகிறவர் மூட்டையைக் கையில் வாங்கியதும் என்னைப் பார்த்து, ஒரு தபா மூஞ்சி பாத்துக்கோ என்றார். நான் பதில் சொல்லும்முன்னே நெற்றியிலிருந்து முகவாய் வரைக்கும் துணியை விலக்கினார். பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் மூடினார். ஒரு டம்ளர் பாலைக் கொடுத்து ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். சட்டைப் பையிலிருந்த வளையல் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்தேன். மூன்று கை மண் போட்டேன்.

பத்து நாள் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தாள். குழந்தை இல்லாத தாய்க்கும் பால் சுரக்கும். அதை வற்றவைக்க மல்லிகைப் பூவை அரைத்துக் கட்டுவார்கள். அக்கா தினமும் இரண்டு முழம் மல்லிகை வாங்கிவந்தாள். அந்த ஒற்றை அறை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணத்தது. அம்மா ஏன் மல்லிகை வைத்துக்கொள்வதில்லை என்று பெரியவள் ஒருமுறை கேட்டாய். தலைவலி என்று சொன்னாள். அது தலைவலி இல்லை.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும், அல்லது கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று நினைத்தாளோ. நானாகச் சொல்வதற்கும் வாய் வரவில்லை. புடவை மூட்டை மறுபடி வந்தது. தைத்தாள். வெறும் கை, சத்தம் இல்லை. நான் கதை படிப்பதை நிறுத்திவிட்டேன். அந்தத் தொடர்கதை எப்போது முடிந்தது, எப்படி முடிந்தது, எனக்குத் தெரியாது. பத்திரிகையைப் பிரிக்காமல் வீடுகளில் போட்டுக்கொண்டிருந்தேன். லஸ் மாமி ஒருநாள் கதையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தி, "ஆத்துக்காரி சாப்பிடறாளோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குத் திரும்பி வந்த பத்திரிகையில் மஞ்சள் கறை இல்லை.

நாலைந்து மாதம் அப்படிப் போனது. அப்போதுதான் அந்த ஆட்டுச் செய்தி வந்தது. உங்கள் பாடப் புத்தகத்தில்கூட இருக்கும். வெளிநாட்டில் ஒரு செம்மறியாட்டின் உடம்பிலிருந்து துளியூண்டு எடுத்து, அதை வைத்தே அதே மாதிரி இன்னோர் ஆட்டை உண்டாக்கிவிட்டார்கள் என்று. எல்லாப் பத்திரிகையிலும் அதுதான். இத்தனை நாள் கதையில் வந்தது நிஜமாகிவிட்டதே என்று எனக்கும் ஒரு மலைப்பு. அன்றைக்குச் சாயங்காலம் பழைய பழக்கத்தில், யோசிக்காமல், அதை அம்மாவுக்கு உரக்கப் படித்துவிட்டேன். பாதி படித்த பிறகுதான் எதைப் படிக்கிறேன் என்று உறைத்தது. நிறுத்தினால் இன்னும் மோசமாக இருக்குமே என்று கடைசிவரை படித்தேன்.

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒரு துளி இருந்தா போதுமா?"

அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன்.

"முடி இருந்தா?"

முடியைப் பற்றி ஒன்றும் போடவில்லை என்றேன். எங்களிடம் ஒரு முடிகூட இல்லை. ஒரு நகம் இல்லை. அது படுத்த துணி ஒன்று இல்லை. வளையலைக்கூட நான் மண்ணில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பத்திரிகையை மடித்துவிட்டு எழுந்திருக்கப் போனேன். அப்போது அவள் என்னைப் பார்க்காமல், ஊசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கதையில... அந்தக் கொழந்தைக்கு முடி இருந்துச்சா?"

நான் முதலில் நிஜமாகவே கதையைத்தான் யோசித்தேன். அந்தக் கிரகத்துக்காரர்களுக்கு உடம்பில் முடியே கிடையாது, வழவழவென்று இருப்பார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவள் கையைப் பார்த்தேன். ஊசி அப்படியே நின்றிருந்தது. நல்லவேளை, பார்த்தேன்.

"இருந்துச்சு," என்றேன். "நெறைய. நெத்தியில ஈரமா ஒட்டிக்கினு இருந்துச்சு."

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

அம்மா ஒரு தையல் போட்டாள். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் கதையைப் பற்றிக் கேட்பதுபோலவே. அது கருப்பா சிவப்பா என்று கேட்டாள். உன் நிறம் என்று சொல்ல வராமல், அந்தக் குடுவையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் நிறம் என்றேன். வாய் எப்படி இருந்தது என்றாள். சின்னதாக, மூடியிருந்தது, ஏதோ சொல்லப் போய் நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது என்றேன். இரண்டு புருவத்துக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு இருந்ததையும் சொன்னேன். ஊசியில் நூல் கோக்கும்போது அவளுக்கு விழுகிற அதே கோடு. அதைச் சொன்னதும் அவள் கை அவள் நெற்றிக்குப் போனது. அங்கே தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த மூணாவது ஆளு அத எப்படி எடுத்துக்கினு போனான்?"

"சட்டைக்குள்ள வெச்சுக்கினு போனான்."

"தனியாவா?"

"தனியாத்தான். ஆனா வளையல் அவன் பையில இருந்துச்சு. வழியெல்லாம் சத்தம் கேட்டுக்கினேதான் போச்சு அது."

வெளியே குழாயில் யாரோ குடத்தை வைத்தார்கள். தண்ணீர் நிரம்புகிற சத்தம் மாறி மாறி, கடைசியில் வழிந்தது. அப்புறம் கேட்டாள்.

"கண்ணத் தொறந்துச்சா?"

அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். கதையில் அது திறந்திருக்கவும் கூடும். அந்த மூணாவது ஆள் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தான், நான் ஆட்டோவில் மந்தைவெளி தாண்டுகிற நேரம் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன். "இல்ல," என்றேன். "சூடு பத்தல."

அப்போதுதான் அவள் அழுதாள். குழந்தை போனதற்கு அன்றுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை. கடைப் புடவை நனையக்கூடாது என்று அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டாள்.

"காது யாரு காது?"

பிள்ளைகளே, இங்கேதான் எனக்கு உங்களிடம் சொல்லவேண்டியது இருக்கிறது. இடுகாட்டில் அந்த மனிதர் துணியை நெற்றியிலிருந்து முகவாய் வரைக்கும்தான் விலக்கினார். இரண்டு பக்கமும் துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. இன்னும் கொஞ்சம் விலக்குங்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்தக் காதை நான் பார்க்கவே இல்லை. தெரியாது என்று சொன்னால், கேட்டவள் மற்றதையும் சந்தேகப்படுவாள், அதுவரை சொன்ன முடியும் கோடும் வாயும் கலைந்துபோகும் என்று பயந்தேன்.

"உன் காது," என்றேன். "கீழ மடல் ஒட்டாம, தனியா தொங்கும் பாரு, அதே மாதிரி."

அவள் தலையசைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கதை பேசப்படவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அடுக்களையிலிருந்து அவள் சொன்னதுதான் அதற்குப் பிறகு நான் கேட்ட முதல் வார்த்தை.

நான் படித்த அத்தனை கதைகளிலும் எழுதியவர்கள் எப்படி எப்படியோ யோசித்திருந்தார்கள். முளை, முட்டை, குடுவை, நகல். எல்லாவற்றிலும் குழந்தை எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி. வராமல் போன குழந்தையை யார், எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருவரும் எழுதி நான் படிக்கவில்லை. வெந்நீர் ஏரியில் ஆயிரம் முட்டை விட்டவளுக்கு அது தேவைப்பட்டிருக்காது. எங்களுக்கு ஒன்றுதான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்துப் பெரியவளே, நீ பிறந்தாய். உன்னைக் கையில் கொடுத்ததும் எல்லாரும் விரலை எண்ணிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் உன் தலைத்துணியை விலக்கிக் காதைப் பார்த்தாள். உன் காது மடல் ஒட்டாமல் தனியாகத் தொங்கும். அவள் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். உனக்கு முன்னால் போன அக்கா மாதிரியே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அம்மா விஷயத்தில் நான் செய்த இரண்டாவது தலையாட்டல் அது. முதலாவதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. இரண்டாவதைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை. உங்களுக்கு எழுதிவிட்டேன், அவளிடம் சொல்லாதீர்கள்.

பெரியவளே, தினமும் காலையில் அம்மா உன்னைக் காது மடலைத் தடவித்தான் எழுப்புகிறாள். கூச்சமாக இருக்கிறது, விடும்மா என்று தலையை வெடுக்கென்று திருப்பிக்கொள்கிறாய். இனிமேல் திருப்பிக்கொள்ளாதே. கொஞ்ச நேரம் அப்படியே தூங்குகிற மாதிரி இரு.